பார்த்துச் சொல்ல எவ்வளவு?

நாமக்கல் மாவட்டத்து நாமகிரிப்பேட்டையில் ஆத்தூர் ரோட்டோரம் எந்தப் பட்டறையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும்: “ஏனுங்ணா, வண்டி மேடு ஏற மாட்டேங்குது. என்னன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.” பார்ப்பதற்குக் காசு கேட்பார் என்று வண்டிக்காரர் நினைப்பதில்லை. கேட்கலாம் என்று மெக்கானிக்கும் வெகுகாலம் நினைத்ததில்லை. சாமானுக்கு ஒரு தொகை, கழற்றி மாட்டியதற்கு ஒரு தொகை. பில் என்று ஒன்று எழுதினால் அதில் இந்த இரண்டும்தான் இருக்கும். மூன்றாவது வரி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்கேன் சார்ஜ். சில நூறு ரூபாய்தான். ஆனால் பல ஆயிரம் ரூபாய் கிளட்ச் செட்டுக்கு வாய் திறக்காமல் எண்ணிக் கொடுக்கிறவர், இந்த வரிக்கு வந்ததும் நின்றுவிடுகிறார். “ஒயரைச் சொருகிப் பார்த்ததுக்கு ஐந்நூறா?”

அந்த மூன்றாவது வரி எங்கே பிறந்தது, ஏன் இவ்வளவு தாமதமாகப் பிறந்தது என்று சொல்ல வேண்டுமானால், முதலில் இரண்டாவது வரியின் கதையைச் சொல்லியாக வேண்டும். லேபர் என்கிற அந்த வரியே நாம் நினைக்கிற அளவு பழையது அல்ல.

மாட்டுவண்டிக் காலத்தில் ரிப்பேருக்கென்று தனிக் கூலி பெரும்பாலும் கிடையாது. ஊர் ஆசாரியும் கொல்லரும் வருடம் முழுக்கக் கலப்பையைச் சீர் செய்து, கொழுவைக் காய்ச்சி அடித்து, சக்கரத்துக்குப் பட்டை மாட்டிக் கொடுப்பார்கள். அறுவடை முடிந்ததும் பண்ணையக்காரர் களத்தில் அவர்கள் பங்குத் தானியத்தை அளந்து போடுவார். கொழு எத்தனை முறை மழுங்கியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. இன்று கம்பெனிக்காரர்கள் வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று பளபளப்பான தாளில் விற்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஆசாரிக்கு அதில் நியாயமான பங்கு கிடைத்ததா என்பது வேறு கதை. அளக்கிற படி எப்போதும் பண்ணையக்காரர் கையில்தான் இருந்தது.

மோட்டார் வந்தபோதும் லேபர் கூடவே வந்துவிடவில்லை. கார் வைத்திருந்த துரைமாரும் ஜமீன்தார்களும் டிரைவரையே மெக்கானிக்காகவும் வைத்துக்கொண்டார்கள். அவருக்கு மாதச் சம்பளம். பஸ் முதலாளிகள் சொந்தப் பட்டறை வைத்துக்கொண்டார்கள். கொங்குநாட்டு மெக்கானிக்குகளுக்கெல்லாம் மூத்தவர் என்று ஒருவரைச் சொல்வதானால் ஜி.டி.நாயுடுவைத்தான் சொல்ல வேண்டும். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள்மேல் ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கி, முழுக்கப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்றவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றைப் பஸ்ஸோடு தொடங்கினார், பிற்பாடு அது யூ.எம்.எஸ். என்கிற பெரிய பஸ் கம்பெனியாயிற்று. அங்கே பட்டறை ஆட்களுக்குச் சம்பளம் உண்டு, லேபர் பில் கிடையாது. வண்டியும் பட்டறையும் ஒரே முதலாளிக்குச் சொந்தம் என்றால் யார் யாருக்கு பில் போடுவது? லேபர் என்று தனியாக ஒரு விலை பிறக்க, வண்டி ஒருவருடையதாகவும் பட்டறை இன்னொருவருடையதாகவும் இருக்க வேண்டும். இருவருக்கும் நடுவில் கொஞ்சம் சந்தேகமும் வேண்டும்.

அந்தச் சந்தேகம் மொத்தமாக விளைந்த நாடு அமெரிக்கா. 1908-இல் வந்த போர்டு மாடல் டி, 1927-இல் நிறுத்தப்படுவதற்குள் ஒன்றரைக் கோடி வண்டியாகப் பெருகியது. அத்தனையும் என்றைக்காவது பட்டறைக்கு வந்தாக வேண்டும். ஆரம்பத்தில் கூலி மணிக்கணக்கு. மெக்கானிக் வண்டிக்கு அடியில் எத்தனை மணி நேரம் படுத்துக் கிடந்தாரோ அத்தனை மணிக்குக் காசு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை தெரிந்தவர் ஒரு மணி நேரத்தில் முடித்துக் குறைவாக வாங்கினார். தெரியாதவர் மூன்று மணி நேரம் தடவி மூன்று மடங்கு வாங்கினார். சின்னப் பையன் தொழில் பழகும்போது தட்டுத் தடுமாறுகிற நேரத்துக்கும் வண்டிக்காரர்தான் கூலி கொடுத்தார்.

பிரடெரிக் டெய்லர் என்கிற பொறியாளர் இரும்பாலைகளில் தொழிலாளிகளுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று, எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் என்று அளந்து பழக்கியிருந்தார். அவர் புத்தகம் 1911-இல் வெளிவந்தது. தொழிற்சாலைக்குள் புழங்கிய அந்த அளவை 1920-களில் போர்டு போன்ற கம்பெனிகளின் டீலர் பட்டறைகளுக்குள்ளும் நுழைந்தது. வால்வு தேய்க்க இவ்வளவு, பின் அச்சைக் கழற்றி மாட்ட இவ்வளவு என்று அச்சடித்த பட்டியல் சுவரில் ஏறியது. ஃபிளாட் ரேட் என்பது அதன் பெயர். கணக்கு சுலபம். ஒரு வேலைக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் நேரத்தை, பட்டறையின் ஒரு மணி விலையால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, புத்தகத்தில் 2 மணி, பட்டறையின் விலை மணிக்கு 600 ரூபாய் என்றால் லேபர் 1,200. கைதேர்ந்தவர் ஒன்றேகால் மணியில் முடித்தாலும் 1,200, புதுப்பையன் மூன்று மணி நேரம் இழுத்தாலும் 1,200. தாமதத்தின் சுமை வண்டிக்காரர் தலையிலிருந்து இறங்கிப் பட்டறையின் தலையில் ஏறியது.

இந்தப் புத்தகங்கள் தனியொரு வியாபாரமாகவே வளர்ந்தன. சான் டியேகோ நகரில் கிளென் மிட்செல் என்பவர் 1946-இல் தொடங்கிய கம்பெனி, சாமான் விலையும் வேலை நேரமும் போட்ட கையேடுகளை விற்றே பெரிதானது. அமெரிக்கர்கள் ஒரு மணியைப் பத்தாக நறுக்கி ஆறு ஆறு நிமிடமாக எண்ணுகிறார்கள். பி.எம்.டபிள்யூ. பன்னிரண்டாக நறுக்குகிறது. வோக்ஸ்வேகன் நூறாக நறுக்குகிறது. நம்மூர் டவுன் ஷோரூமில் கம்ப்யூட்டரைத் தட்டி “லேபர் ஆயிரத்து நூற்று நாற்பது சார்” என்று சொல்கிற சர்வீஸ் அட்வைசரின் திரைக்குப் பின்னால் இருப்பதும் இதே வகைப் பட்டியல்தான். அந்தத் தொகைக்கும் உங்கள் வண்டி அன்றைக்கு உண்மையில் எடுத்துக்கொண்ட நேரத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஃபிளாட் ரேட்டில் மெக்கானிக்குக்கும் புத்தக நேரப்படியே சம்பளம் கொடுக்கிற வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. அங்கே துருப்பிடித்து உடைகிற போல்ட் புத்தகத்தில் இருக்காது. வாரண்டி வேலைக்குக் கம்பெனி ஒதுக்குகிற நேரம் வெளிக் கையேடுகளில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை இன்னொன்று. பாகத்தைக் கழற்றி மாட்டும் நேரம் புத்தகத்தில் உண்டு. எந்தப் பாகம் என்று கண்டுபிடிக்கும் நேரத்தை எப்படி எழுதுவது? ஒயர் கழன்றிருப்பது தெரிந்தவர் கண்ணுக்கு அரை நிமிடத்தில் படும். தெரியாதவருக்கு இரண்டு நாள் ஆனாலும் படாது.

இந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தது ஒரு பத்திரிகை. 1941-இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் ஒரு லிங்கன் ஜெஃபர் காரில் காயிலுக்குப் போகிற ஒயர் ஒன்றை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, அமெரிக்காவின் 48 மாநிலங்களிலும் ஓட்டிப் போய் 347 பட்டறைகளில் காட்டியது. பானெட்டைத் திறந்தாலே தெரிகிற கோளாறு. 129 பட்டறைகள் ஒழுங்காகக் கண்டுபிடித்துச் சரிசெய்தன. மீதி 218 பட்டறைகள் தேவையில்லாத வேலை செய்தன, செய்யாத வேலைக்குக் காசு வாங்கின, அல்லது அநியாயமாக வாங்கின. நூற்றுக்கு 63 பட்டறை ஏமாற்றுகிறது என்று அந்த நாடே கொதித்தது.

எனக்கு அந்தக் கதையில் உறுத்துவது வேறு. நேர்மையாக நடந்த 129 பேருக்கு என்ன கிடைத்தது? சும்மா ஒயரைச் சொருகிவிட்டு ஒன்றுமில்லை போங்கள் என்றோ, ஏதோ கொஞ்சம் வாங்கிக்கொண்டோ அனுப்பினார்கள். பல வருடம் பழகிய கண்ணுக்கு அரை நிமிட விலை. பொய் சொல்லி ஒரு சாமானை மாற்றியவருக்குத்தான் வருமானம். ஆட்களின் நேர்மையைச் சோதிக்கப் போன பத்திரிகை, நேர்மைக்கு விலையே வைக்காத ஒரு கணக்கைக் கண்ணெதிரே பார்த்தும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. கலிபோர்னியா மாநிலம் 1971-இல் வாகன ரிப்பேருக்கென்று தனிச் சட்டமும் தனி அலுவலகமும் கொண்டுவந்தது. வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு கொடுக்க வேண்டும், கோளாறைக் கண்டுபிடிக்க எஞ்சினைப் பிரிப்பதாக இருந்தால் பிரிக்கவும் மறுபடி பூட்டவும் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றது. கண்டுபிடிப்பதும் விலையுள்ள வேலைதான் என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடங்களில் அது ஒன்று.

நம் பக்கம் கதை வேறு தடத்தில் ஓடியது. சேலத்தோடு இருந்த நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே லாரிக்கு ஊர் என்று பெயர் வாங்கிவிட்டது. வெறும் சேஸை ஓட்டிக்கொண்டு வந்து பாடி கட்டி எடுத்துப் போவார்கள். பாடி கட்டுவது மொத்தமாகப் பேசி முடிக்கிற கான்ட்ராக்ட். எஞ்சின் வேலையும் அப்படியே: “ஃபுல் வேலைக்கு இவ்வளவு, சாமான் உங்களது.” இங்கே ஒரே கூரைக்கு அடியில் எல்லா வேலையும் நடப்பதில்லை. டிங்கர் தனி, வெல்டர் தனி, ஸ்பிரிங் பட்டை வேலை தனி, ரேடியேட்டர் கடை தனி, எலக்ட்ரீசியன் தனி, பம்ப்–நாசில் கடை தனி, லேத் தனி. ஒவ்வொருவரும் தன் வேலைக்கு மட்டும் கூலி சொல்வார். எந்தக் கடைக்கு வண்டியை விடுவது என்று சொல்கிற ஆள்தான் உண்மையான டாக்டர். அது வழக்கமான மெக்கானிக்காகவோ, அனுபவப்பட்ட டிரைவராகவோ இருக்கும். அந்த யோசனைக்குப் பைசா கிடையாது. ஒரு டீ கிடைக்கும்.

அந்தக் காலத்துப் பார்வை லேசுப்பட்டதல்ல. கரும்புகை தள்ளினால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை என்றால் டீசல் எரியாமல் வருகிறது, இல்லையென்றால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரிய, ஓடுகிற எஞ்சினில் ஒவ்வொரு நாசிலுக்கும் போகிற பைப் நட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணுவார்கள். எதை லூஸ் பண்ணும்போது சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் படுத்திருக்கிறது. ஒரு ஸ்பேனரும் ஒரு காதும் போதும். கருவிக்குச் செலவு இல்லாததால் பார்வைக்கும் விலை இல்லாமல் போயிற்று.

அப்படியானால் மெக்கானிக் பார்வையை இலவசமாகத்தான் கொடுத்தாரா? இல்லை. அதன் விலை வேறு இடத்தில் ஒளிந்திருந்தது. ஸ்பேர்ஸ் கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் பில்லில் ஒரு பங்கை மெக்கானிக் பேரில் ஒதுக்கி வைப்பார். எல்லாக் கடையிலும் எல்லா மெக்கானிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் இது புதுச் செய்தி அல்ல. வண்டிக்காரருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே லேபரில் பேரம் பேசுவார். “பார்த்துப் போட்டுக் குடுங்கண்ணா” என்று இருநூறு ரூபாயைக் குறைத்துக்கொள்வார். குறைந்த இருநூறு வேறொரு பில்லில் பேரிங்காகவோ பெல்ட்டாகவோ திரும்பி வரும். இரண்டு பக்கமும் மரியாதை கெடாமல், ஒருவரை ஒருவர் திருடன் என்று சொல்லாமல் நடந்த ஏற்பாடு இது. மெக்கானிக்கின் கண்ணுக்கு விலை இருந்தது. ஆனால் சாமான் மாற்றினால்தான் அந்த விலை அவர் கைக்கு வரும். நியாயமான கெட்டிக்காரருக்கு இதைவிட மோசமான ஏற்பாடு இருக்க முடியாது.

லேபர் தனி வரியாக எழுத்தில் வந்தது நம் ஊருக்கு மூன்று வாசல் வழியாக. முதலாவது, இலவச சர்வீஸ் கூப்பன். 1983-இல் மாருதி 800 வந்தது. பின்னாலேயே புது வகை மோட்டார் சைக்கிள்களும் வந்தன. வண்டியோடு கொடுத்த கூப்பனை எடுத்துக்கொண்டு போனவர், ஃப்ரீ என்று போட்டிருந்தும் பில் வந்ததைப் பார்த்துத் திகைத்தார். “லேபர்தான் சார் ஃப்ரீ. ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு.” கூலி என்பது சாமானிலிருந்து பிரிந்து நிற்கிற ஒன்று என்று பல குடும்பங்கள் படித்துக்கொண்டது அந்தக் கவுண்டரில்தான்.

இரண்டாவது வாசல் இன்சூரன்ஸ். ரோட்டோரப் பட்டறையில் மொத்தமாக ஒரு தொகை எழுதிக் கொடுத்தால் சர்வேயர் ஏற்க மாட்டார். ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பாதி தேய்மானம் கழிப்பார்கள், ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம்; கூலிக்குத் தேய்மானம் கிடையாது. ஆகவே எது சாமான், எது கூலி என்று பிரித்தே ஆக வேண்டும். பெயிண்ட் வேலைக்கு ஒரு வேடிக்கையான விதி இருக்கிறது. பில் மொத்தமாக இருந்தால் அதில் கால் பங்கைப் பெயிண்ட்டின் விலை என்று வைத்துக்கொண்டு, அந்தக் கால் பங்குக்கு மட்டும் பாதி தேய்மானம் கழிக்க வேண்டும். மீதி முக்கால் பங்கு கைவேலை! டிங்கரிங் பட்டறைக்காரர் கூலியை நீங்கள் எவ்வளவு பேரம் பேசினாலும், பெயிண்ட் வேலையில் முக்கால்வாசி கைதான் என்று இன்சூரன்ஸ் விதியே சொல்லிவிட்டது.

மூன்றாவது, 2017 ஜூலை முதல் தேதி வந்த ஜி.எஸ்.டி. ரிப்பேர் வேலைக்கு 18 சதவீதம், உதிரிபாகங்களில் பெரும்பாலானவற்றுக்கு 28 என்று இரண்டு விகிதம் இருந்ததால் இரண்டையும் கலந்து எழுத வழியில்லை. 2025 செப்டம்பரில் சாமானுக்கும் 18 ஆகிவிட்டது. அதற்குள் பில் புத்தகத்தில் லேபர் என்கிற கட்டம் நிலைத்துவிட்டது. வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிற சின்னப் பட்டறைக்கு ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை. அங்கே இன்னமும் சிகரெட் அட்டையின் பின்பக்கம்தான் பில்.

ஸ்கேன் சார்ஜின் தாய்வீடும் கலிபோர்னியாதான். லாஸ் ஏஞ்சலீஸின் புகைமூட்டத்தோடு மல்லுக்கட்டிய அந்த மாநிலத்தின் காற்று வாரியம், 1988 மாடல் வண்டிகளிலிருந்து எஞ்சினே தன் கோளாறைக் கவனித்து விளக்கு எரிய வைக்க வேண்டும் என்று விதித்தது. 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதற்கும் ஒரே மாதிரி 16 முனைச் சாக்கெட், ஒரே மாதிரிக் கோளாறு எண்கள் வந்தன. யோசனை காற்றுக்காகப் பிறந்தது, மெக்கானிக்குக்காக அல்ல. இந்தியாவில் அதன் முதல் கட்டம் 2010 ஏப்ரலில், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். 2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ். 6 புகை விதி வந்ததும் கதை முழுக்க மாறிவிட்டது. லாரியில் பழைய பம்ப் போய், டீசலைப் பொதுக் குழாயில் அழுத்தி வைக்கிற காமன் ரெயில் நிலைத்தது. மூட்டை கட்டிக்கொண்டு போகிற டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில்கூடக் கார்பரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது.

நாசில் பைப்பை லூஸ் பண்ணிப் பார்க்கிற வித்தை அதோடு முடிந்தது. பழைய நாசில் திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் போதும். காமன் ரெயிலில் 1,600 பாருக்கு மேல்கூட ஏறும். ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் பீறிடுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். புகையைச் சுத்தம் செய்ய யூரியா ஊற்றுகிற லாரிகளில் புகை சென்சார் ஒன்று தப்பாகச் சொன்னால் போதும், எஞ்சின் நன்றாக இருந்தும் அதை ஆளும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். பவரைக் குறைத்துவிடும். கொல்லிமலை அடிவாரத்து மேட்டில் திணறுகிற வண்டிக்கு இப்போது புகையின் நிறமும் உதவாது, காதும் உதவாது. ஸ்கேனர் வேண்டும். நல்ல ஸ்கேனருக்குப் பெரிய முதல் வேண்டும். வாங்கிப் போட்டாலும் புது மாடல்களுக்கு அப்டேட் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பார்வைக்குச் செலவு வந்தது. விலையும் வந்தது.

அந்த ஸ்கேனரும் சாதாரணமாகப் பட்டறைக்கு வந்துவிடவில்லை. சாமானையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் கார் கம்பெனிகள் பூட்டி வைத்துக்கொள்கின்றன என்று ஷம்ஷேர் கத்தாரியா என்பவர் 2011-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். 2014 ஆகஸ்ட் 25-இல் ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்து, உதிரிபாகம், சோதனைக் கருவி, தொழில்நுட்பக் கையேடு மூன்றையும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்யச் சொன்னது. அபராதம் மேல்முறையீடுகளில் சிக்கிக்கொண்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று, விவசாயக் கருவிகளும் ஒன்று. நாமகிரிப்பேட்டை டிராக்டருக்கு அது எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது என்று டிராக்டர்காரரைத்தான் கேட்க வேண்டும். இங்கே பெரும்பாலும் கை கொடுப்பது சீனத்து ஸ்கேனர்கள்தான்.

இந்த இடத்தில் ஒரு தப்பெண்ணத்தை உடைத்தாக வேண்டும். ஸ்கேனர் கோளாறைக் கண்டுபிடிப்பதில்லை. எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று ஓர் எண்ணைச் சொல்கிறது, அவ்வளவுதான். பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். சென்சார் போயிருக்கலாம், சொருகி தளர்ந்திருக்கலாம், சென்சார் பார்க்கிற பல்சக்கரத்தில் அடைசல் இருக்கலாம். மஞ்சள் மண்டிப் பக்கம் நாலு நாள் நிறுத்தி வைத்த வண்டி என்றால் எலி ஒயரைக் கடித்திருக்கலாம். எங்கள் பக்கம் எலிக்கும் எலக்ட்ரீசியனுக்கும் ரொம்ப நாளாகத் தொழில் உறவு. எண்ணைப் பார்த்ததும் சென்சாரை மாற்றுகிறவருக்குப் பத்து நிமிட வேலை, சாமான் விலை, கடைப் பங்கு. மல்ட்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ஒயரை விரல் விரலாகத் தடவி, கடிபட்ட இடத்தைக் கண்டு, ஒட்டி டேப் சுற்றுகிறவருக்கு ஒன்றரை மணி நேரம் போகும். டேப்பைத் தவிர விற்க ஒன்றுமில்லை. பார்வைக்குத் தனிக் காசு இல்லாத பட்டறையில் இரண்டாமவர் எப்படிப் பிழைப்பார்?

சாமான் மாற்றாமல் வெறும் பார்வைக்குக் காசு கொடுக்க மனசு வரவில்லை என்று சொல்கிறவர்கள் தங்கள் காட்டையே நினைத்துப் பார்க்கலாம். போர் போடும் முன் நீரோட்டம் பார்க்க ஒருவரைக் கூட்டி வருகிறோம். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு அவர் காடு முழுக்க நடக்கிறார். தேங்காய் நிமிர்ந்த இடத்தில் கல் நட்டுவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போகிறார். அடுத்து திருச்செங்கோட்டுப் போர் வண்டி வருகிறது. அடிக்கு இவ்வளவு என்று பேச்சு. தண்ணீர் பீறிட்டாலும் வெறும் புழுதி பறந்தாலும் அடிக்கணக்கு மாறாது. இரண்டுக்கும் முணுமுணுக்காமல் கொடுக்கிற கை, எந்த ஒயர் அறுந்திருக்கிறது என்று சரியாகக் காட்டியவருக்கு மட்டும் சுருங்கிக்கொள்கிறது.

சட்டம் இதை எப்போதோ யோசித்துவிட்டது. 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, ஒரு பொருளின்மேல் உழைப்போ திறமையோ செலவிட்டவர் தமக்குரிய ஊதியம் வரும்வரை அந்தப் பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. உழைப்பு என்று மட்டும் நிறுத்தவில்லை. திறமையையும் தனியாகச் சொல்கிறது. வைரத்தைப் பட்டை தீட்டிய நகைக்காரர் கூலி வரும்வரை கல்லைப் பிடித்து வைக்கலாம் என்று அதிலேயே ஓர் உதாரணமும் உண்டு. பக்கத்திலேயே இன்னோர் உதாரணம்: மூன்று மாதக் கடனுக்குச் சம்மதித்துக் கோட்டு தைத்த தையல்காரர் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. லோடு வாடகை வந்ததும் தருகிறேன் என்ற பேச்சுக்குத் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்குகிற நம் ஊர் மெக்கானிக்குகள் இந்த இரண்டாவது உதாரணத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்கேன் சார்ஜிலும் அநியாயம் நடக்கிறது. ஒயரைச் சொருகி எண்ணைப் படித்துவிட்டு, அழித்துவிட்டு, விளக்கு அணைந்ததைக் காட்டிக் காசு வாங்குகிறவர்கள் உண்டு. நாற்பது கிலோமீட்டர் போவதற்குள் விளக்கு மறுபடி எரியும். அது பார்வை அல்ல. பார்வை என்றால் எண்ணைச் சொல்ல வேண்டும், எதனால் அந்த எண் வந்தது என்று எப்படி உறுதி செய்தார் என்றும் சொல்ல வேண்டும். அந்த வேலையை அதே பட்டறையில் செய்தால் பார்த்த காசை லேபரில் கழிப்பாரா என்பதையும் வண்டியை விடும்போதே பேசிவிடுவது இருவருக்கும் நல்லது. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்; கொடுக்கத் தயங்குகிறவரிடம் இன்னொரு முறை போகாதீர்கள்.

பார்த்ததற்குத் தனியாகக் காசு வாங்குகிற ஒரு பட்டறைக்கு ஒரு வருடம் தொடர்ந்து வண்டியை விட்டு, உங்கள் சாமான் செலவு குறைகிறதா என்று எழுதி வையுங்கள். குறைந்தால் அவர் கேட்கிற ஐந்நூறில் பேரம் பேசாதீர்கள். குறையவில்லை என்றால் பட்டறையை மாற்றுங்கள்.